புள்ளி ஏழு மில்லிமீட்டர்

நாலரை மணி வண்டி.
கீழக்கரையில் நானும் ஒரு பெட்டி நெத்திலியும் ஏறினோம்.
நெத்திலி ராமநாதபுரத்தில் இறங்கிக்கொண்டது.
நான் மதுரை வரை போனேன்,
மாதம் ஒரு ஞாயிறு, பத்து மாதம்:
என்னைப் போல் எல்லாப் பல்லும் பார்க்கிறவர்களும்
பால்பல் மட்டும் பார்க்கிறவர்களும்
கம்பி கட்டப் படிக்கிற வகுப்புக்கு.

முதல் நாள் கையில் கொடுத்தது
சுருளிலிருந்து நறுக்கிய ஆறு அங்குலம்,
புள்ளி ஏழு மில்லிமீட்டர் கனம்.
"நேராக்குங்க" என்றார்
என்னைவிட ஒன்பது வயது இளைய வாத்தியார்.
குறடு கூடாது. விரல் மட்டும்.
பதினாலு வருஷமாய்க் கடைவாய்ப்பல் பிடுங்கிய கட்டைவிரல்
அந்தக் கம்பியிடம் அசடு வழிந்தது.
மேசையில் கிடத்தினால் ஒரு முனை தலைதூக்கும்.
அதை அமுக்கினால் மறுமுனை.
பக்கத்து இருக்கைக்காரர், சாயல்குடி,
தன்னுடையதைச் சட்டைப்பையில் ஒளித்தார்.

பிறகு மெழுகில் நட்ட பொம்மைப் பற்கள்.
வெந்நீரில் முக்கினால் மெழுகு இளகும், கம்பி இழுக்கும்.
நாலு நிமிஷத்தில் கோரைப்பல் தன் இடத்துக்கு வந்தது.
கைதட்டினோம்.
"வாய்க்குள்ள இது எட்டு மாசம்" என்று
தண்ணீரைக் கொட்டினார்.

நங்கூரம் என்ற சொல்லை அங்கேதான்
பல்லுக்குச் சொல்லக் கேட்டேன்.
முன்பல்லை இழுக்கப் பின்பல்லைப் பிடித்துக்கொள்கிறோம்.
பார்க்காமல் விட்டால்
பிடித்துக்கொண்டதும் சேர்ந்து நகரும்.
வகுப்பில் சிலர் இரண்டு முறை கேட்டார்கள்.
எனக்கு ஒரு முறை போதும்.
ஓர் ஊருக்குத் தூண்டில்வளைவு போட்டு
அடுத்த ஊரின் மணல் போனதை,
மணலோடு வலைக்கூடம் போனதை
நடந்தே போய்ப் பார்த்தவள் நான்.

கடைசி ஞாயிறு ஒரே ஒரு தாள்:
எதையெல்லாம் தொடக்கூடாது.
சான்றிதழைவிட அது நீளம்.

மிஸ்ரியாவுக்குப் பதினாலு.
அவள் வாப்பா துபாயிலிருந்து போனில்:
"கம்பி நீங்களே போட்டுடுங்க, காசு ஒரு விஷயமில்ல."
பல் இல்லை, தாடையே முன்னால் வந்திருக்கிறது என்றேன்.
வளர்ந்து முடியவேண்டும்,
அதுவரை மதுரையில் அதற்கென்றே படித்தவர் பார்க்கவேண்டும்.
"அப்ப நீங்க பத்து மாசம் எதுக்குப் போனீங்க?"

இதைச் சொல்லத்தான்.
சொல்லவில்லை.
எக்ஸ்ரேயை உறையில் போட்டு அவள் கையில் கொடுத்தேன்.
அவள் உறையால் வாயை மறைத்துக்கொண்டு
படியிறங்கிப் போனாள்.
அன்று இரவு தாளை எடுத்து மறுபடி வாசித்தேன்,
எங்காவது ஒரு விதிவிலக்கு இருக்குமா என்று.

சின்ன ஏர்வாடியிலிருந்து பஞ்சவர்ணம்,
பாசி அறுத்த விரல்களில் துணி சுற்றி,
மகனை இழுத்து வந்தாள்.
தடைக்காலம். "காசு ஆடியிலதான் டாக்டரம்மா."
நம்புராஜனுக்கு எட்டு வயது.
புதிதாய் முளைத்த மேல்பல் ஒன்று மட்டும்
கீழ்ப்பல்லுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டிருந்தது,
கதவிடுக்கில் விரல் மாதிரி.

குறடு, கம்பி, புதுத் தட்டு, எல்லாம் பளபளத்தன.
கை ஒருமுறை அங்கே போனது.
பிறகு இழுப்பறையைத் திறந்து
ஓர் ஐஸ் குச்சி எடுத்தேன்.
அந்தப் பல்லுக்குப் பின்னால் வை.
சாய்த்துக் கடி. இருபது வரை எண்ணு.
காலை, பள்ளி விட்டு, ராத்திரி.
"இதுக்கா மதுரைல படிச்சீங்க?" என்று
இவளும் கேட்டுவிடுவாளோ என்று பார்த்தேன்.
அவள் மகனோடு சேர்ந்து எண்ணிக்கொண்டிருந்தாள்.

பதினேழாம் நாள் வந்தான்.
நுனி நாராகிப்போன குச்சி, முன்னால் தாண்டி நிற்கும் பல்.
கண்ணாடியைக் கொடுத்தேன், பார்க்கவில்லை.

"இன்னொண்ணு வேணும்."
பல்தான் வந்துருச்சேடா, எதுக்கு?
"இந்தவாட்டி ஐஸோட."